பின்கட்டில் ஒரு போர்ஷன், மேலே ஒரு மாடி: வாடகைக்காகக் கட்டும் முன்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து 53 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் தவிர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

மனை 30க்கு 60, அதாவது 1,800 சதுர அடி. தெரு 20 அடி அகலம். 1999இல் கட்டிய தரைத்தள வீடு 24க்கு 40. முன்னால் 6 அடி, பின்னால் 14 அடி, கிழக்கே 4 அடி, மேற்கே 2 அடி இடம் விட்டிருக்கிறது. மனை மாமியார் பெயரில். கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். கையில் 15 லட்சம் ரூபாய். அதை வைத்து மாத வருமானத்துக்கு வழி தேடுகிறார்கள். ஒன்று, பின்புற 14 அடியில் சமையலறையோடு ஒரு சிறு போர்ஷன். இல்லையென்றால் மாடியில் இரண்டு படுக்கையறையோடு 850 சதுர அடி வீடு. "நானூறு சதுர அடிக்குள்ள கட்டி மேல ஷீட் போட்டா அனுமதியே தேவையில்லம்மா" என்கிறார் மேஸ்திரி. மாடிக்குச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் கேட்கிறார். மருத்துவமனைக்கு வரும் வெளிமாநிலத்தாருக்கு நாள் வாடகை 800 ரூபாய்க்கு விடலாம் என்கிறார் தரகர். 6 லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் மூன்றாண்டு லீசுக்கு விட்டுக் கட்டடக் கடனை அடைக்கலாம் என்பது கணவரின் யோசனை. மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர், மாடி எழுப்பினால் புகார் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாத்தனார்கள் இருவருக்கும் சீர் செய்து அனுப்பியாகிவிட்டது, அவர்களால் பிரச்சினை வராது என்றும் எழுதியிருக்கிறார். எதைக் கட்டுவது, யாருக்கு விடுவது என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: பின்புறத்தில் கட்டாதீர்கள். மாடி கட்டலாம், ஆனால் இரண்டு விஷயங்கள் தெளிவான பிறகு. மனை உரிமை முதலாவது; பழைய வீடு மாடியைத் தாங்குமா என்பது இரண்டாவது. இந்த இரண்டும் முடியும் வரை மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். செங்கல் இறங்கிய பிறகு கேட்கும் கேள்விகளுக்கு விடை கிடைக்கும், திரும்பிப் போக வழி கிடைக்காது.

மனை மாமியாருடையது என்பதன் பொருள்

உங்கள் கணவர் தன் ஓய்வுப் பணத்தில் மாடி கட்டினாலும், அது யார் மண்ணில் நிற்கிறதோ அவர் சொத்தோடு சேர்ந்ததாகவே பார்க்கப்படும். செலவுக் கணக்கை வைத்துக்கொண்டு பிறகு பங்கு பேசுவது நீண்ட வழக்கில் முடியும். உங்கள் மாமியார் உயில் எழுதாமல் காலமானால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அவருடைய மகனுக்கும் மகள்களுக்கும் சமப் பங்கு. உங்கள் மாமனார் இல்லையென்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆகவே மூன்றில் ஒரு பங்குதான் உங்கள் கணவருக்கு. சீர் செய்தது, நகை போட்டது, கல்யாணச் செலவு எதுவும் அந்தப் பங்கைக் கரைக்காது. நாத்தனார்கள் நல்லவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களுக்குப் பிறகு அவர்கள் பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்கும் அதே உரிமை உண்டு.

எளிய வழி, மாமியார் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் இந்த உச்சவரம்புகள் உயர்த்தப்பட்டன. பழைய 25,000, 4,000 கணக்கைச் சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்திரத்தில் மாமியாருக்கு வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தவறாமல் எழுதுங்கள். அது அவருக்குப் பாதுகாப்பு. அவரைப் பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிவிட்டுப் பராமரிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய முடியும். நாத்தனார்களுக்கு மனதார ஏதாவது கொடுக்க நினைத்தால் அதையும் இப்போதே பேசி முடிப்பது நல்லது.

மாமியார் எழுதித் தர விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அப்போது அனுமதி விண்ணப்பம், வரி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவர் பெயரில்தான் போக வேண்டும். வாடகையும் சட்டப்படி அவர் வருமானம். அந்த நிலையில் 15 லட்சத்தையும் அதில் போடுவது சரியா என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

1999ஆம் ஆண்டு அனுமதித் தாள்

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கலாம். வீடு கட்ட உள்ளாட்சி கொடுத்த அனுமதி ஒன்று. மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்பு இயக்ககம், பேச்சு வழக்கில் டி.டி.சி.பி., கொடுத்த ஒப்புதல் இன்னொன்று. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத வீடுகள் சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் சுற்றுவட்டாரத்தில் நிறைய உண்டு. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் மனைப்பிரிவு ஒப்புதல் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முதலில் மனையை வரன்முறைப்படுத்த, அதாவது விண்ணப்பித்து முறையானதாக்க வேண்டும்; 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்காக 2017இல் வந்த விதிகள் அதற்குத்தான். வரன்முறைச் சான்று இல்லாமல் மாடிக்கான விண்ணப்பம் நகராது.

வீட்டுக்கான அனுமதி வரைபடம் வீட்டில் இல்லையென்றால் பதற வேண்டாம். சத்துவாச்சாரி 2011இல் வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. பழைய உள்ளாட்சிக் கோப்புகளை மாநகராட்சியில்தான் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, பழைய வரிவிதிப்பு எண், மனை எண், சர்வே எண், கட்டிய ஆண்டு நான்கையும் குறிப்பிட்டு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "கோப்பு இல்லை" என்ற பதில் வந்தாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் தேடினீர்கள் என்பதற்கு அது சாட்சி.

வரைபடம் கிடைத்ததும் டேப் பிடித்துத் தரையோடு ஒப்பிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய அளவு மேற்கே உள்ள அந்த 2 அடிதான். அன்றைய வரைபடத்தில் அங்கே அதிகம் காட்டிவிட்டுத் தரையில் 2 அடி விட்டிருந்தால், வீடு அனுமதியை மீறிக் கட்டியது என்று ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் முதலில் அளக்கப்படும் இடமும் அதுவே.

பின்புறப் போர்ஷன் ஏன் வேண்டாம்

400 சதுர அடிக்குக் கீழே அனுமதி வேண்டாம் என்று எந்த விதியும் இல்லை. வெள்ளையடிப்பது, தரை மாற்றுவது, பூச்சு வேலை போன்ற பழுதுபார்ப்புக்குத்தான் விலக்கு. சுவர் எழுப்பி, கழிவறை வைத்து, ஒருவர் சமைத்துப் படுக்கிற இடம் ஷீட் கூரையாக இருந்தாலும் கட்டடமே.

உங்களுக்கு எவ்வளவு கட்டலாம் என்பதில் தடையே இல்லை. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,800 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 3,600 சதுர அடி வரை போகலாம். உங்களிடம் இப்போது இருப்பது 960. சிக்கல் எங்கே கட்டுகிறோம் என்பதில்தான். சுற்றிலும் விட வேண்டிய திறந்தவெளியை அடைத்துவிட்டால், குறியீட்டில் எவ்வளவு மிச்சம் இருந்தும் பயனில்லை. எல்லையை ஒட்டிய அறைக்கு அனுமதி கிடைக்காது. எல்லையிலிருந்து விலக்கிக் கட்டினால் மிஞ்சும் அகலத்தில் ஒரு குடும்பம் வாழ முடியாது.

இன்னொன்றை நீங்களே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: செப்டிக் டேங்க் பின்புறத்தில் இருக்கிறது என்று. அதன் மேல் அறை கட்டுவது ஆபத்து. மூடியைத் திறக்க முடியாது. கழிவு உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டாது. வாயு வெளியேறும் குழாய் வாடகைக்காரரின் ஜன்னலுக்குக் கீழே வரும். மூடி உடைந்து ஆள் உள்ளே விழும் விபத்துகள் இப்படிப்பட்ட இடங்களில்தான் நடக்கின்றன. அந்த 14 அடியில் துணி காயட்டும், முருங்கை நிற்கட்டும்.

அனுமதியில்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். 1971ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளில் வேலையை நிறுத்தவும், பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது. "கட்டிவிட்டால் பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம்" என்பது தவறான நம்பிக்கை. அந்தச் சட்டத்தின் 113-சி பிரிவில் தந்த சலுகை 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், காலம் கடந்துவிட்டது, பணம் போட்டாகிவிட்டது என்ற காரணங்களால் அனுமதியற்ற கட்டடம் முறையானதாக ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

மாடி: விதியில் பொருந்துமா?

பொருந்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. 9 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள தெருவில் முன்புறம் 1.5 மீட்டர் விட வேண்டும். உங்களிடம் 6 அடி, அதாவது 1.8 மீட்டர் இருக்கிறது. உயரம் 7 மீட்டருக்குள் நிற்பது முக்கியம். அதைத் தாண்டினால் பக்கங்களில் விட வேண்டிய இடம் கூடும், உங்கள் மனையில் அதற்கு வழியே இல்லை. தரைக்கு மேல் எழும் பேஸ்மட்டம் 2 அடி, கீழ்த்தளம் 10.5 அடி, மாடி 10 அடி என்றால் 22.5 அடி, 6.86 மீட்டர். அரை அடிதான் மிச்சம். கூரையை இன்னும் ஓர் அடி தூக்கிக் கட்டலாம், காற்று வரும் என்று மேஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள்.

மேற்குப் பக்கம் இடம் குறைவாக இருப்பதால், மாடிச் சுவரை உள்ளே தள்ளி வைக்கச் சொல்வார்கள். அப்போது அந்தச் சுவர் கீழ்ச் சுவரின் மேல் உட்காராது. அதற்குத் தனி பீம் வேண்டும், செலவு கூடும். சதுர அடிக்கு 2,200 என்ற பேச்சில் இது அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

படிக்கட்டில்தான் பலரும் தவறுகிறார்கள். தரையிலிருந்து மாடிக்கு 12.5 அடி ஏற வேண்டும், 6.8 அங்குல உயரத்தில் 22 படி. இதைக் கிழக்கே உள்ள 4 அடியில் நேர்ப் படியாக வைத்தால் 17.5 அடி நீளத்துக்குத் திறந்தவெளி அடைபடும். முன் அறையிலிருந்து சுமார் 6.5க்கு 11.5 அடி எடுத்துத் திரும்பும் படியாக வைத்தால், விதியும் மீறாது, வாடகைக்கு வருபவர்கள் உங்கள் கூடத்தைக் கடக்காமல் வாசலிலிருந்தே ஏறிப்போவார்கள். தனிப் படி, தனிச் சமையலறை, தனிக் கழிவறை மூன்றையும் வரைபடத்தில் "இரண்டாவது குடியிருப்பு" என்றே காட்டச் சொல்லுங்கள். ஒரே குடும்பம் குடியிருப்பதாகக் காட்டிவிட்டுப் பிறகு வாடகைக்கு விட்டால், மின் இணைப்பிலிருந்து வரி வரை ஒவ்வொரு மேசையிலும் அந்தப் பொய் குறுக்கே வரும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும், 7 மீட்டர் உயரம் என்ற வரம்புக்குள் நேரில் ஆய்வு இல்லாமலே உடனடி அனுமதி தரும் முறை அது. உங்கள் அளவுகள் அதற்குள் அடங்குகின்றன. ஆனால் நீங்கள் எழுதித் தரும் உறுதிமொழி பொய்யானால் அனுமதி போய்விடும், பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். மேற்கே குறைபாடு உள்ள பழைய வீட்டை வைத்துக்கொண்டு "எல்லாம் விதிப்படி" என்று கையெழுத்துப் போடுவதை நான் விரும்பவில்லை. கட்டட அனுமதிக்கான ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே, பழைய வீட்டைத் தரையில் இருக்கிறபடி காட்டி, மாடியைக் கூடுதல் கட்டுமானமாகக் காட்டிப் பதிவு பெற்ற பொறியாளர் மூலம் வழக்கமான அனுமதி கேளுங்கள். சில வாரங்கள் கூடும். நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டே குடியிருப்பு, மொத்தப் பரப்பும் 750 சதுர மீட்டருக்குள் என்பதால், கட்டி முடித்தபின் நிறைவுச் சான்று வாங்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பழைய வீடு தாங்குமா?

இதற்கு விடை சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர், மேஸ்திரி அல்ல. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

அஸ்திவாரத்தை ஒட்டி இரண்டு இடங்களில் குழி தோண்டி, ஆழமும் அகலமும் பார்க்கச் சொல்லுங்கள். 9 அங்குலச் சுவர்கள் எவை, 4.5 அங்குலத் தடுப்புச் சுவர்கள் எவை என்று வரையச் சொல்லுங்கள். தடுப்புச் சுவரின் மேல் மாடிச் சுவர் வரக்கூடாது. கூரைத் தளத்தின் அடியில் பூச்சு உப்பி, துருக்கறை தெரிந்தால் அங்கே உடைத்துக் கம்பியைப் பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் உள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தை முழுக்கக் கொத்தி எடுத்தபின்தான் புதுத் தரை போட வேண்டும். அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் வேண்டாத எடை நிரந்தரமாகத் தங்கும்.

சுவருக்கு எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது பெரிய வித்தியாசம். 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1,300 கிலோ. அதே இடத்தில் 8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக், அதாவது எடை குறைந்த நுண்துளைக் கான்கிரீட் கல், 400 கிலோ. 1999இல் போட்ட அஸ்திவாரத்துக்கு இது சின்ன விஷயமல்ல. வேலூர் நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது. மாடியில் கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் வீடு முழுக்கச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையை விட்டுவிடாதீர்கள். மேல்நிலைத் தொட்டி 1,000 லிட்டர் என்றால் ஒரு டன். தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர்கள் சந்திக்கும் இடத்தில் வையுங்கள். மாடிக் குளியலறை, கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே வரட்டும். இல்லையென்றால் ஒரு நாள் உங்கள் பூஜையறையில் ஒழுகும்.

வாசலில் மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். வீட்டு மின்சாரம் போகும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் மாடிச் சுவருக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே என்றால் 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். கம்பியை நகர்த்த மின்வாரியத்தில் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதைக் கான்கிரீட்டுக்காகச் சென்ட்ரிங் பலகை அடிக்கும் முன்பே முடியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்

அனுமதிக்கு அவர் கையெழுத்துத் தேவையில்லை. ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மாடி ஜன்னல் அவர் படுக்கையறையைப் பார்க்கிறதா, உங்கள் சன்ஷேட் தண்ணீர் அவர் சுவரில் வடிகிறதா? மேற்குச் சுவரில் ஜன்னலைத் தவிர்த்து உயரத்தில் வெண்டிலேட்டர் மட்டும் வைக்கலாம். மேற்கு வெயிலுக்கும் அதுவே நல்லது. அவர் ஜன்னலுக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் தடையின்றி வெளிச்சம் வந்துகொண்டிருந்தால், 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் (வசதியுரிமை) சட்டப்படி அவர் உரிமை கோர இடமுண்டு. வரைபடத்தோடு போய் ஒரு முறை பேசிவிடுங்கள். வழக்கறிஞர் அறிவிப்பைவிட அது சீக்கிரம் பலிக்கும்.

மின்சாரம், தண்ணீர், வரி

மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்குங்கள். தனி வாசல், தனிச் சமையலறை, தனி வயரிங் உள்ள உண்மையான இரண்டாவது வீட்டுக்குத் தனி இணைப்பு கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் அதற்கும் உண்டு. ஒரே குடும்பம் இரண்டு இணைப்பு வைத்திருந்தால் ஒன்றாக்குவார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டது சரியே. வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது வேண்டாம். கட்டும்போது, கூடுதல் கட்டுமானம் 2,000 சதுர அடியைத் தாண்டாததால் தற்காலிக இணைப்பு வாங்கத் தேவையில்லை.

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், இரண்டு குடும்பம் சேர்த்து ஏழு பேருக்கு 945 லிட்டர். காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறதோ, அத்தனை மடங்கு கொள்ளும் சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டி வேண்டும். செப்டிக் டேங்க்கும் ஏழு பேருக்குப் போதுமா என்று பாருங்கள். மழைநீர்ச் சேகரிப்பு மாடிக்கும் கட்டாயம்.

கட்டி முடித்ததும் நீங்களே மாநகராட்சியில் சொத்து வரியைத் திருத்தச் சொல்லி விண்ணப்பியுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் பின்தேதியிட்டு வரும். அரையாண்டு தொடங்கும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலேயே கட்டினால் 5 சதவீதம், 5,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு.

நாள் வாடகை, லீசு, மாத வாடகை

தரகர் சொல்லும் நாளுக்கு 800 ரூபாய் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் நாள் கணக்கில் ஆள் மாறும் இடம் வீடு அல்ல, விடுதி. அனுமதியில் குறிப்பிட்ட பயன்பாடு மாறுகிறது. மின் கட்டணம் வணிக விகிதத்துக்குப் போகும், வரியும் மாறும். சிகிச்சைக்கு வங்கதேசத்திலிருந்து வருபவர்களை ஒரு இரவு தங்க வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும், தவறினால் குற்றம். பேச்சை வைத்து மேற்கு வங்கமா, வங்கதேசமா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. நோயாளியின் குடும்பத்துக்கு மாதக் கணக்கில் விடுவது வேறு. முறையான ஒப்பந்தத்தோடு தாராளமாகச் செய்யலாம். கல்லூரிப் பெண்களுக்குக் கட்டில் கணக்கில் விடும் யோசனை வந்தால், 2014ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

உங்கள் கணவரின் லீசு யோசனையை நான் வலுவாக எதிர்க்கிறேன். 6 லட்சத்தை வாங்கிக் கட்டடத்தில் போட்டுவிட்டால், மூன்றாம் ஆண்டு முடிவில் அதைத் திருப்பித் தரப் பணம் எங்கே? அடுத்த லீசுக்காரர் அதே நாளில் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் பழையவர் காலி செய்ய மாட்டார், அவர்மேல் குற்றமும் சொல்ல முடியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் சார்பதிவாளரிடம் பதிவும் கட்டாயம். மாத வருமானத்துக்காகக் கட்டுகிற வீட்டில் மூன்று வருடம் ஒரு ரூபாய் மாத வருமானம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

மாத வாடகைக்கு விடும்போது, "11 மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவு வேண்டாம்" என்பது பாதி உண்மை. சார்பதிவாளரிடம் பதிய வேண்டாம், சரி. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டப்படி, நகர்ப்புறத்தில் எந்தக் கால ஒப்பந்தமானாலும் 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர்; இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதியாத ஒப்பந்தம் தகராறு வரும்போது சாட்சியமாக நிற்காது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். வாடகை பாக்கி என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் தவறு உங்களுடையதாகிவிடும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். மாடியில் குடியிருப்பவர் உங்கள் வீட்டுப் பிள்ளை போல இருந்தாலும் இதுதான் விதி.

பணக் கணக்கு

850 சதுர அடிக்கு 2,200 என்றால் 18.7 லட்சம். மேற்குச் சுவர் பீம், படிக்கட்டு, சம்ப், அனுமதிக் கட்டணம் இதில் இல்லை. நீங்கள் எதிர்பார்க்கும் வாடகை மாதம் 10,000, ஆண்டுக்கு 1.2 லட்சம். போட்ட பணத்தில் 6.4 சதவீதம், அதுவும் ஒரு மாதம்கூட காலியாக இல்லாதிருந்தால். வருமான வரியில், கட்டிய சொத்து வரியைக் கழித்த மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழிவு கிடைக்கும். குறைகிற 4 லட்சத்துக்கு வட்டிக்கு வாங்கினால், முதல் சில வருட வாடகையில் ஒரு பகுதி வட்டிக்கே போகும். அதனால் ஒரே படுக்கையறையோடு 600 சதுர அடியில், 13.2 லட்சத்துக்குள் முடியும் மாடியைப் பற்றியும் பொறியாளரிடம் பேசுங்கள். எடையும் குறையும், மேற்குச் சுவரை உள்ளே தள்ளுவதும் எளிதாகும், கையில் கொஞ்சம் மருத்துவச் செலவுக்கும் நிற்கும். மிச்சத் தளம் மொட்டை மாடியாகவே இருக்கட்டும்.

இந்த வாரம் மூன்று வேலைகள் செய்யுங்கள். கிரயப் பத்திரத்தில் மனைப்பிரிவு ஒப்புதல் எண்ணைத் தேடுங்கள். 1999 கோப்புக்குத் தகவல் உரிமை மனுவை அனுப்புங்கள். மாமியாரோடும் நாத்தனார்களோடும் பத்திரம் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். மனுவுக்குப் பதில் வந்ததும் அதன் நகலையும் நான்கு பக்க அளவுகளையும் எனக்கு அனுப்புங்கள். மேற்கே உள்ள அந்த 2 அடியை எப்படி எதிர்கொள்வது என்று அப்போது பார்ப்போம்.